முக்கால் எடைப் புறா: வெகுமதி என்னும் சொல்லாடலை முன்வைத்து

ஆசிரியப் பயிற்சிக்குப் போன எவரும் கடந்து வந்தாக வேண்டிய மிருகக்காட்சிசாலை ஒன்று உண்டு. பாவ்லவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலியும் புறாவும். கல்வி உளவியல் பாடநூல்களில் இவை கோட்டுப்படங்களாக வரும். கூண்டு இருக்கும், நெம்புகோல் இருக்கும், தீனித்தட்டு இருக்கும். ஓர் ஆள் மட்டும் படத்தில் இருக்க மாட்டார். தீனியை வைப்பவர் அவர். அதற்கு முன்னால் தீனியை நிறுத்தி வைத்தவரும் அவரே. 'செயல்படு ஆக்கநிலையுறுத்தம்', 'வலுவூட்டல்' என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதி வெளியே வருகிற ஆசிரியர், நோட்டில் நட்சத்திரம் போடவும் மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டவும் கற்றுக்கொண்டு விடுகிறார். படத்துக்கு வெளியே நிற்கும் அந்த ஆளின் இடத்தில்தான் தாம் போய் நிற்கிறோம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த ஆளைப் படத்துக்குள் இழுத்து வருவது இங்கு நோக்கம்.

பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட, புறாக்களின் 'மூடநம்பிக்கை' பற்றிய கட்டுரை பிரசித்தமானது. புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனித்தட்டு வந்துபோகும். எட்டுப் புறாக்களில் ஆறு, தாங்கள் செய்த ஏதோ ஓர் அசைவுதான் தீனியைக் கொண்டு வந்தது என்பதுபோல அதையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று கூண்டின் மேல்மூலைக்குள் தலையை நுழைத்தபடி இருந்தது. பக்தர்களைக் கேலி பேச இந்தக் கதை ரொம்ப வசதி. ஆனால் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு தகவல் வருகிறது. நன்றாகத் தின்று வளர்ந்தபோது இருந்த எடையில் 75 சதவீதத்துக்குப் புறாக்கள் இறக்கப்பட்டிருந்தன. ஸ்கின்னர் இதை ஒளிக்கவில்லை. கூண்டின் அளவைச் சொல்வதுபோல, செய்முறைக் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

முக்கால் எடை என்கிற இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் சோதனையே இல்லை. வயிறு நிறைந்த புறாவுக்குத் தானியம் வெறும் தானியம். அதை வெகுமதியாக்குவது தானியத்தின் குணமல்ல. அதைத் தர மறுக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறது என்கிற உறவு. ஆகவே வெகுமதி பற்றிய எந்தப் பேச்சிலும் 'என்ன கொடுத்தார்கள்?' என்று கேட்பதற்கு முன், 'எதைப் பிடித்து வைத்திருந்தார்கள்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மனிதர்களிடம் இது எப்படி நடந்தது என்பதற்கு ஆவணங்கள் உண்டு. 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அன்னா அரசு மருத்துவமனையில் டியோடோரோ அய்லோன், நேதன் அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் 'டோக்கன் பொருளாதாரம்' ஒன்றை நடத்தினார்கள். நீண்டகால மனநோயாளிகள் சமையல்கூடத்திலும் சலவையிலும் வேலை செய்தால் டோக்கன் கிடைக்கும். அதைக்கொண்டு என்ன வாங்கலாம்? படுக்கையறையைத் தேர்ந்துகொள்ளலாம், மறைப்புத் தட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம், தனக்கென ஒரு நாற்காலி, பாதிரியாரோடு தனியாகக் கொஞ்சம் பேச்சு. வேலை செய்யாமலே டோக்கன் கொடுத்துப் பார்த்தபோது வேலை சரிந்தது. டோக்கனின் வலிமைக்கு இதை நிரூபணமாகக் காட்டினார்கள். நாம் வேறு மாதிரியும் வாசிக்கலாம். தட்டியும் நாற்காலியும் மனுஷனுக்கு இயல்பாக இருக்க வேண்டியவை. அவற்றை எடுத்துவிட்டதால்தான் டோக்கனுக்கு மதிப்பு வந்தது.

இதே தர்க்கம் கடல் தாண்டியபோது முகமூடி தேவைப்படவில்லை. வியத்நாமின் பியன் ஹோவா மனநல மருத்துவமனையில் தாம் செய்ததை லாயிட் காட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1967இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் தாமே எழுதினார். வேலைக்கு வர மறுத்தவர்களுக்கு மயக்க மருந்தில்லாமல் மின்னதிர்ச்சி. பெண்கள் பிரிவில் அது போதவில்லை என்றதும், வேலை இல்லையேல் சோறு இல்லை. மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு மிச்சமிருந்தவர்களும் வேலைக்கு 'முன்வந்தார்கள்'. போர்க்காலக் கொடுமை என்று இதைத் தனியாக ஒதுக்கிவிட முடியாது. கட்டுரையின் தலைப்பிலேயே ஸ்கின்னரின் கலைச்சொல் இருக்கிறது.

இந்தக் கட்டுமானத்தை அசைத்தது இன்னொரு உளவியல் கோட்பாடு அல்ல, ஒரு வழக்கு. அலபாமா மாநில மனநல மருத்துவமனைகள் குறித்த வயட் எதிர் ஸ்டிக்னி வழக்கில் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் 1972இல் குறைந்தபட்ச நெறிகளை வகுத்தார். அந்தரங்கம், படுக்கை, சத்துள்ள உணவு, சொந்த உடை, பார்வையாளர்கள் எல்லாம் நோயாளியின் உரிமை. மருத்துவமனையைப் பராமரிக்கும் வேலையை அவர் விரும்பினால் செய்யலாம், செய்தால் சட்டப்படியான கூலி தர வேண்டும். டோக்கனால் வாங்க வேண்டியிருந்தவை பலவும் உரிமைகளாகிவிட்டால் டோக்கன் முறை என்னாகும் என்று அடுத்த ஆண்டே சட்ட அறிஞர் டேவிட் வெக்ஸ்லர் எழுதினார். ஒன்று உரிமையானதும் வெகுமதிப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறது. இரண்டும் ஒரே பொருளின் இரு பெயர்கள். யார் ஆளுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

கூண்டுக்குள்ளிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஸ்கின்னரின் மாணவர்களான பிரிலாண்ட் தம்பதியர் 1961இல் எழுதியதில் ஒரு ரக்கூன் வருகிறது. காசை உண்டியலில் போட்டால் தீனி. இரண்டு காசு கொடுத்ததும் அது போடாமல், ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது, தீனி தள்ளிப்போன பிறகும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலைப் பள்ளியில், படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பிறகு வரைவதில் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. பசியே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நமக்கு வெளிநாட்டுச் சாட்சிதான் வேண்டும் என்பதுமில்லை. தன் வீட்டுப் பசியைப் புறநானூற்றில் விரிவாகப் பாடிய பெருஞ்சித்திரனார், அதியமான் தன்னை நேரில் காணாமல் அனுப்பிய பரிசிலை வாங்க மறுத்தவர். கொடுப்பவன் தன்னை எப்படிப் பார்க்கிறான் என்பதை வாங்குபவனும் எடை போடுகிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வெகுமதி ஆர்வத்தைக் கெடுக்கும், உள்ளார்ந்த ஈடுபாடே உயர்ந்தது' என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள் நிர்வாகம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆஷா பணியாளர் திட்டம் 2005இல் தொடங்கியபோதே அந்தப் பெண்களைத் 'தன்னார்வலர்' என்று வகைப்படுத்தியது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, செய்த பணிக்கேற்ற 'ஊக்கத்தொகை' உண்டு. சேவை மனப்பான்மையும் வெகுமதியும் எதிரெதிர்க் கட்சிகள் என்று நினைக்கிறோம். இங்கே இரண்டும் கைகோத்து நின்று கூலி என்கிற சொல்லை வெளியேற்றுகின்றன.

தமிழ்நாட்டில் 2011 ஜூனில் ரேஷன் அரிசி இலவசமானது. அதையொட்டி ஊர்களில் கேட்ட பேச்சு நினைவிருக்கலாம்: "அரிசியச் சும்மா குடுத்துட்டா எவன்யா வேலைக்கு வருவான்? சோம்பேறியாக்கிட்டானுங்க." பேசியவர் ஸ்கின்னரைப் படித்ததில்லை; ஆனால் அந்தச் செய்முறைக் குறிப்பைத் தெரிந்து வைத்திருக்கிறார். கூலிக்காரனின் எடை முக்காலில் நிற்க வேண்டும், அப்போதுதான் களத்து நெல்லுக்கு வெகுமதியின் மவுசு வரும். 'வேலைக்கு ஆள் வரலை' என்கிற அந்த வாக்கியம் பாதியில் வெட்டப்பட்டது. முழு வாக்கியம், 'இந்தக் கூலிக்கு, இந்த மரியாதைக்கு ஆள் வரலை' என்பது. வெட்டப்பட்ட பகுதியில் சாதியும் இருக்கிறது. காலங்காலமாக யாருடைய எடை குறைத்து வைக்கப்பட்டதோ, அவர்களைப் பற்றித்தான் சோம்பேறி என்ற சொல் புழங்குகிறது. வாடகையில் உட்கார்ந்து தின்பவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வீடுவீடாக உணவு கொண்டுபோகும் பையன்களின் செல்போனில் இன்று இன்சென்டிவ் கணக்கு ஓடுகிறது. இன்னும் நாலு ஆர்டர் முடித்தால் இவ்வளவு. மழையிலும் வண்டியை விரட்டுகிறார்கள். 'உழைக்கத் தூண்டுகிறோம்' என்கிறது நிறுவனம். அடிப்படைக் கூலியில் ஒரு நாள் வயிறு நிறையுமானால் அந்த நாலு ஆர்டரை அந்த மழையில் எத்தனை பேர் ஓட்டுவார்கள்? சங்கங்கள் இன்சென்டிவ் தொகையை உயர்த்தக் கேட்கும்போது, அந்த அடிப்படைக் கூலியைப் பற்றிய கேள்வியை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். டோக்கனின் விலை எவ்வளவு என்று பேரம் பேசுவது வேறு. தட்டியும் நாற்காலியும் என்னுடையவை என்று சொல்வது வேறு.