கும்பலில் யாருக்கு என்ன தெரியும்?

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் தோழியுடன் இருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜை ஒரு கும்பல் பிரித்துக் கூட்டிப் போனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார்.

பட்டியலினத்தவர் பாதிக்கப்படும் இப்படிப்பட்ட வழக்குகளில் தண்டனையைக் கூட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தைப் பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீது பிறர் செய்தால் ஆயுள் கட்டாயம். பட்டியலினத்தவர் என்ற காரணத்தால்தான் செய்தார்கள் என்று 2016 ஜனவரி 26க்கு முன் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன்பின், அது தெரிந்தே செய்தார்கள் என்று காட்டினால் போதும்.

பழைய அளவுகோல் அநியாயம் என்றே சொல்வேன். காதல் விவகாரம், பணத் தகராறு என்று எதிரித் தரப்பு எதையாவது கிளப்பினால் சாதி பின்னால் ஒளிந்துகொள்ளும். புதிய அளவுகோல் எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் பொருந்துகிறது. சென்னிமலைத் தறிக்கூடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால், "எந்த ஊருங்க, யாரு வீட்டுப் பையன்?" என்ற விசாரிப்பிலேயே சாதி தெரிந்துவிடும். இங்கே "எங்களுக்குத் தெரியாதுங்க" என்பதை லேசில் நம்ப முடியாது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ எதிரி அறிந்திருந்தால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிரியின் பொறுப்பு.

ஆனால் கும்பல் என்று வரும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. தலைவனுக்குத் தெரிந்தது வண்டி ஓட்டியவனுக்கும் தெரிந்திருக்குமா? ஏற்கெனவே இருந்த தகராறின் தொடர்ச்சியாக ஒரு குழு குற்றம் செய்தால், பொது நோக்கம் இருந்ததாக அனுமானிக்கவும் இந்தச் சட்டம் இடம் தருகிறது. சாட்சிகள் மிரட்டலுக்குப் பயப்படும் ஊர்களில் அந்த அனுமானம் தேவை. கோகுல்ராஜ் வழக்கிலேயே முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். கோயில் சிசிடிவி கைகொடுத்தது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே போய் இடத்தைப் பார்த்தார்கள். யார் வந்தார்கள் என்பதைக் கேமரா காட்டும், மனதில் என்ன இருந்தது என்பதைக் காட்டாது. பத்துப் பேர் குற்றவாளிகள் என்பதை 2023 ஜூனில் உறுதிசெய்த நீதிமன்றம், இருவரின் தண்டனையை மட்டும் குறைத்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக எடைபோட்ட அந்த முறையை மதிக்கிறேன்.

உடுமலை சங்கர் வழக்கில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2016 மார்ச்சில் பட்டப்பகலில் நடந்த கொலை. வெட்டியதும் கேமராவில் பதிவானது. 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020இல் உயர்நீதிமன்றம் ஐந்து பேருக்கு அதை ஆயுளாக மாற்றி, சங்கர் சாதி மறுத்து மணந்த பெண்ணின் தந்தையை விடுவித்தது. சதி நிரூபிக்கப்படவில்லை. வெட்டிய கை தெரிந்தது, ஏவியது யார் என்பது நிரூபணமாகவில்லை.

இன்னொரு குறையும் சட்டத்திலேயே இருக்கிறது. கொலை முயற்சிக்குச் சில ஆண்டுகள் கொடுக்க நினைக்கும் நீதிபதி, இந்த உட்பிரிவை ஏற்றால் ஆயுளே கொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட தண்டனை கிடையாது. பிரிவையே கைவிடத் தோன்றும் நெருக்கடி இது. குறைந்தபட்ச ஆண்டு ஒன்றை வைத்து, மேலே எவ்வளவு என்பதை நீதிபதியிடம் விடலாம்.

அதுவரை விசாரணை அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். குற்றப்பத்திரிகையில் "அனைவரும் சேர்ந்து" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஒவ்வொரு எதிரிக்கும் என்ன தெரியும், எப்படித் தெரியும், எந்தச் சாட்சியம் அதைக் காட்டுகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள்.