குடவோலையும் கணக்கோலையும்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை ஆராய்வோர் பலரும் குடவோலை முறையைப் போற்றுவதோடு அமைகின்றனர். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை வகுத்த விதிகளுள் அதனினும் சிறந்தது ஒன்று உண்டு. ஏரி வாரியத்திற்கு அறுவரும் பொன் வாரியத்திற்கு அறுவரும் ஓராண்டுக்கு அமர்த்தப்பெற்றனர். ஏரி பழுதுற்றால் வரும் தலைமுறையின் விளைச்சல் கெடும். பொன் மாற்றுக் குறைந்தால் வாணிகம் கெடும். ஆதலின், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வருதல் இயலாது. அவர்தம் உறவினர்க்கும் அத்தடை உண்டு.

ஆயினும், இறை செலுத்தும் நிலமும் மறையறிவும் உடையாரே அங்கு இடம் பெற்றனர். அதனை முழுக் குடியாட்சி எனல் மிகை. குடத்தில் ஓலை இடுதல் எளிது. அவைமுன் கணக்கோலையை விரித்தல் அரிது. ஊராள்வோர் கற்கத்தக்கது அவ்வரிய செயலே.