சூளையில் வெந்த காயும் பகடையும்

பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், ஒரு சூளையில் இரண்டு ஆட்டங்களுக்கு வேண்டிய பொருள்களைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஆடுபுலி ஆட்டம். மற்றது ஜெர்மானியர் கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் வெளிவந்த 'கேட்டான்'. பழையது உயர்வா, புதியது உயர்வா என்ற வழக்கைச் சூளையே ஓரளவு தீர்த்து வைக்கும்.

களிமண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதுண்டு. எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்குவதும் இல்லை. ஆடுபுலிக்கு இதனால் கேடில்லை. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள்; ஆடு எது, புலி எது என்று தெரிந்தால் போதும். கூழாங்கல்லும் புளியங்கொட்டையும்கூட உதவும். ஆட்டம் காயில் இல்லை, விதியில் இருக்கிறது. அனைத்தும் கண்முன்னே இருந்தும் முடிவு தெரியாததற்குக் காரணம், நகர்வுகள் கிளைத்துக் கிளைத்துப் பெருகுவதே. சதுரங்கமும் இவ்வினமே. தோற்றவர் அதிர்ஷ்டத்தின்மேல் பழிபோட முடியாது. ஆனால் கைதேர்ந்தவரிடம் புதியவர் ஓயாமல் தோற்று எழுந்து போய்விடுவார், இது பெருங்குறை.

கேட்டானுக்கு இரண்டு பகடைகள் வேண்டும். 36 வகை விழுகைகளில் 7 என்ற கூட்டுத்தொகை 6 வகையில் வரும். 2 ஒரே வகையில்தான். இதை அறிந்து குடியிருப்பு அமைப்பது திறமை. எந்த எண் விழும் என்பது வாய்ப்பு. பண்டமாற்றும் சேர்வதால் புதியவருக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கோணிச் சுருங்கிய பகடை இந்தக் கணக்கையே பொய்யாக்கிவிடும். விதிப்புத்தகம், அட்டைகள் என்று சுமையும் அதிகம்.

வாய்ப்பையும் திறமையையும் கலப்பது புதுமையா? நம் தாயத்தைப் பாருங்கள். 0, 1, 2, 3 என்று குறியிட்ட இரு கட்டைகளுக்கு 16 விழுகைகள். தாயம், அதாவது 1, இரண்டு வகையில் மட்டுமே விழும். எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல், காயை இறக்க வழியின்றி இருப்போர் ஏறத்தாழ மூவரில் ஒருவர்! கேட்டானிலோ எல்லோரும் தொடக்கத்திலேயே இரண்டு குடியிருப்புகளோடு இறங்குகிறார்கள். இடையில் யாரும் வெளியேற்றப்படுவதும் இல்லை. நம் தாயம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது. முதல் காயைத் தாயமின்றியே இறக்கலாம் என்று விதியை மாற்றி ஆடிப் பாருங்கள்.

கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்திருக்கின்றன. ஆடுவதற்கு விலையுயர்ந்த பெட்டி வேண்டும் என்பது பிற்கால எண்ணமே. பழமைக்காகப் பழையதைப் போற்றுவதும், பளபளப்புக்காகப் புதியதை வாங்குவதும் ஆராய்ச்சி ஆகா. கற்க எளிதா, சிந்திக்க ஆழம் உண்டா, பின்தங்கியவருக்கு வழி உண்டா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆடுபுலி முதலிரண்டில் தேறும், கேட்டான் பின்னிரண்டில். தாயமோ, விதியைச் சற்றே திருத்தினால் மூன்றிலும் தேறக்கூடும்.

உங்கள் வீட்டுத் தாயக்கட்டை ஒன்றை 200 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கங்களும் 50ஐ ஒட்டியே விழவேண்டும். ஒரே பக்கம் 70ஐத் தாண்டினால், குறை உங்கள் அதிர்ஷ்டத்தில் இருக்காது, கட்டையில்தான் இருக்கும்.