தாள்களுக்கு ஒரு வீடு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தாள்களைக் காப்பது தினப் போராட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் கடுதாசி நமுத்துப்போகும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி தின்னும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது தகரப்பெட்டியோடு பழைய கடிதங்களும் குப்பைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தை நினைத்தால் மனம் குளிர்கிறது.

கவிஞர் ஏ.கே. ராமானுஜனின் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. 1929இல் மைசூரில் பிறந்த தமிழர். வீட்டில் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம். 1962இல் அதே பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலக நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனவர் கையில் உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு அகப்பட்டது. 1967இல் அதிலிருந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1993இல் அவர் மறைந்தபின், நாட்குறிப்புகளும் கையெழுத்துப் படிகளும் அந்த வளாகத்துக்கே சொந்தமாயின. நாட்குறிப்புகள் 2019இல் நூலாகவும் வந்தன. வானியற்பியலாளர் சந்திரசேகரின் தாள்களும் அதே நூலகத்தில். கவிஞரும் விஞ்ஞானியும் ஒரே கூரையின்கீழ்!

அச்சான கவிதை முடிந்த கோலம். கையெழுத்துப் படியில்தான் புள்ளி வைத்த விரல் தெரியும். அடித்த சொல்லின் அடியில் முந்தைய சொல் மூச்சுவிடும்.

தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை நடத்திய ஊர்தான் எங்கள் கோலாலம்பூர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் இங்கேதான் கூடியது. நம் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் வீட்டுப் பரண்களில் இருக்கும் நோட்டுகளை, அடுத்த தீபாவளிக்கு முன் யாராவது இறக்கிப் பார்க்கவேண்டும்.