இரவல் தகடும் இணையத் திரையும்

டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரையர் 1928-இல் உருவாக்கிய 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' திரைக்கலையின் சிகரங்களுள் ஒன்று. அந்த மௌனப் படத்தின் மூல நெகட்டிவ் அவ்வாண்டிலேயே தீக்கிரையானது. எஞ்சிய காட்சிகளைத் தொகுத்து டிரையர் அமைத்த மறுவடிவமும் நெருப்புக்கே இரையாயிற்று. அரை நூற்றாண்டுக் காலம் உலகம் கண்டவை சிதைந்த படிகளே. 1981-இல் நார்வே நாட்டின் ஆஸ்லோவை அடுத்த மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் முதல் வடிவத்தின் படி ஒன்று கிடைத்தது. எவரோ எடுத்து வைத்திருந்ததால் ஒரு பெரும் படைப்பு பிழைத்தது.

நூலகத்தில் டி.வி.டி. இரவல் பெறுவதா, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் படம் பார்ப்பதா என்னும் வினாவை இந்நிகழ்ச்சியின் ஒளியில் அணுகுவது நலம். வசதியை மட்டும் நோக்கினால் தீர்ப்பு எளிது. நூலகத் தகட்டில் கீறல் இருக்கும். விரும்பிய படத்தை வேறொருவர் எடுத்துச் சென்றிருப்பார். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டை இட இடமே இல்லை. அஞ்சல் வழியே தகடுகளை அனுப்பி 1998-இல் தொழில் தொடங்கிய நெட்பிளிக்ஸ் நிறுவனமே 2023 செப்டம்பரில் அப்பணியை நிறுத்திவிட்டது.

ஆனால், உரிமை எவரிடம் உள்ளது என்று கேட்டால் விடை மாறுகிறது. அமெரிக்கச் சட்டப்படி, முறையாக வாங்கிய தகடு வாங்கியவரின் உடைமை. ஆகவே நூலகம் அதனை எவர் அனுமதியுமின்றி, தகடு தேயும்வரை எத்தனை பேருக்கும் இரவல் தரலாம். இணையப் படத்துக்கு இவ்வுரிமை இல்லை; ஒப்பந்தம் இடம்தரும் நாள்வரைதான் அதனைக் காட்டலாம். நூலக உறுப்பினர்கள் இலவசமாகப் படம் காண உதவும் கனோபி என்ற இணையச் சேவையை நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் 2019-இல் கைவிட்டன. பார்க்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் நூலகமே கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. பலருக்குப் பயன்படுவதே நூலகத்தின் பெருமை. இங்கு அதுவே தாங்கவியலாச் சுமையாயிற்று.

தனியார் தளங்களின் நிலையும் உறுதியானதன்று. எச்.பி.ஓ. மேக்ஸ் 2022-இல் செலவைக் குறைக்கும் பொருட்டுத் தன் தொடர்கள் பலவற்றைத் தளத்திலிருந்தே நீக்கியது. அவற்றுள் சில தகட்டு வடிவில் வெளிவராதவை. சந்தா செலுத்தியவர்கள் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை.

இணையத்தைத் துறக்கவேண்டும் என்பதன்று நம் கருத்து. நடக்க இயலாத முதியோருக்கும், நூலகமில்லாச் சிற்றூர்களில் வாழ்வோருக்கும் அது அரிய துணை. எனினும், பார்க்கும் வாய்ப்பு வேறு, காக்கும் பொறுப்பு வேறு. முன்னதை இணையம் தாராளமாக வழங்குகிறது; பின்னதைப் பொதுவுடைமையாக ஏற்றுச் செய்து வருவது நூலகத் தட்டு.

அத்தட்டுக்கும் இப்போது ஆபத்து உண்டு. நெடுநாள் எவரும் எடுக்காதவற்றைக் கழித்துவிடுவது நூலகங்களின் வழக்கம். கைபடாத் தகடு ஒருநாள் மலிவு விற்பனைக்கோ குப்பைக்கோ போகும். ஆதலால், அருகில் அத்தகைய நூலகம் வாய்த்தவர்கள் மாதம் ஒருமுறையேனும் ஒரு படத்தை இரவல் பெற்று, கண்டு, தூய்மையாகத் திருப்பித் தருவார்களாக. அடுத்து வரும் முகமறியா ஒருவருக்காக அதனை அலமாரியில் வைத்துக் காப்பதற்கு அதுவே எளிய வழி.