இல்லாத தேசத்தின் வரைபடம்

நடக்காமல் போன வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் வேலையாக ஒரு வரைபடம் போட்டுவிடுகிறார்கள். எல்லை, கொடி, தலைநகர். அப்புறம்தான் மனிதர்கள். சோவியத் கொரியர்களுக்கு ஒரு தேசம் அமைந்திருந்தால் என்ற கற்பனையிலும் இதே கோளாறுதான் என்று எனக்குப் படுகிறது.

கற்பனைக்கு முகாந்திரம் இல்லாமலில்லை. 1860களில் வறுமைக்கும், பிறகு ஜப்பானிய ஆதிக்கத்துக்கும் தப்பி ரஷ்யத் தூரக் கிழக்கில் குடியேறியவர்கள் இவர்கள். 1920களில் தன்னாட்சிப் பிரதேசம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆனால் விளாதிவஸ்தோக்கில் 1923இல் சொந்த மொழிச் செய்தித்தாள், 1932இல் நாடக அரங்கு என்று வளர்ந்தார்கள். 1934இல் அதே தூரக் கிழக்கில், பிரோபிஜானில், யூதர்களுக்குத் தன்னாட்சிப் பிரதேசம் தரப்பட்டது. அப்ப இவங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? நியாயமான கேள்விதான்.

கிடைத்ததோ வேறு. 1937 ஆகஸ்ட் 21இல் ஸ்டாலினும் மொலோதவும் கையெழுத்திட்ட ஆணை. ஜப்பானிய உளவைத் தடுக்கவாம்! ஜப்பானுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர்களையும் சேர்த்துச் சுமார் 1,72,000 பேரை ரயிலேற்றிக் கஸாக்ஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். முதல் குளிர்காலத்தைப் பலர் மண்ணைக் குடைந்த குழிகளில் கழித்தார்கள். ஆணையின் தர்க்கத்தைக் கவனியுங்கள்: முகம் எந்த இனத்தினுடையதோ, விசுவாசமும் எல்லைக்கு அப்பால் அங்கேதான். மாற்று வரலாறும் இதிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை. இனம், மண், அரசு மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியாக வேண்டும் என்கிறது. அந்த மண்ணில் முன்பே இருந்த உதேகே, நானாய் மக்கள் புதுத் தேசத்தில் யார்? ரஷ்ய விவசாயி? சீனக் கூலி? வரைபடம் வாயைத் திறப்பதில்லை.

எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. தேசம் ஒரு கற்பிதம் என்று, ஒரு நாட்டின் குடியுரிமையை வசதியாக வைத்துக்கொண்டு, ரயிலேற்றப்பட்டவனிடம் போய்ச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் ஒன்று. வோல்கா ஜெர்மானியர்களுக்குத் தன்னாட்சிக் குடியரசே இருந்தது. 1941இல் குடியரசைக் கலைத்து அவர்களையும் பெயர்த்தெறிந்தார்கள். வரைபடம் காப்பாற்றவில்லை.

நான் எழுதுவதாக இருந்தால் ஒரு நாடக அரங்கின் வாசலில் தொடங்குவேன். மக்களோடு சேர்ந்து அரங்கும் கஸாக்ஸ்தானின் கிஸில்ஒர்தாவுக்குப் பெயர்ந்து வந்தது. அங்கே காவலாளி வேலை பார்த்த கிழவர் ஹோங் பொம்-டோ. 1920இல் மஞ்சூரியாவில் ஜப்பானியப் படையை முறியடித்த கெரில்லாத் தலைவர். அவரையும் உளவு பயத்தில்தான் ரயிலேற்றினார்கள். அவர் உயிரோடிருக்கும்போதே அவர் கதையை அந்த அரங்கத்தார் நாடகமாகப் போட்டார்கள். நாடு இல்லை, கொடி இல்லை. மேடை இருந்தது, பாஷை இருந்தது, பார்க்க ஆள் இருந்தது. இதை என்னவென்று அழைப்பது? 1943இல் செத்துப்போனார்.

கொரியர்களுக்குத்தான் இப்போது தேசம் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதே. 2021இல் தென்கொரியா அவருடைய எலும்புகளை ராணுவ மரியாதையோடு எடுத்துப்போனது. 2023இல் அதே நாட்டின் ராணுவக் கல்லூரி, கிழவர் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவராச்சே என்று, தன் வளாகத்திலிருந்த அவருடைய மார்பளவுச் சிலையை வெளியே மாற்றப்போவதாக அறிவித்தது.