மணிபல்லவமும் நயினையும்

ஊர்ப்பற்று மக்கட்கு இயல்பாய் அமைந்த பண்பு. வளம் மிக்க ஊரை மட்டுமே மாந்தர் நேசிப்பர் எனின், கல்லும் கள்ளியும் உவர்நீருமாய்க் கிடக்கும் ஊர்களை நினைந்து உருகுவார் இரார். அத்தகைய ஊர்களை விட்டுச் சென்றோரே பெரிதும் உருகுகின்றனர். அங்ஙனமாயின், ஊரிலுள்ள எதனை மாந்தர் நேசிக்கின்றனர்? இவ்வினாவிற்கு விடைகாண ஊரவரை வினவுவதினும், அவ்வூரைப் பற்றி வழங்கும் கதைகளையும் நூல்களையும் ஆராய்வது நன்று. வினவும்போது மாந்தர் பெருமையே பேசுவர். கதைகளோ அப்பெருமைக்கு அடியிற் கிடக்கும் விருப்பத்தையும் காட்டிவிடும். இந்நோக்குடன் நயினாதீவை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிச் சென்றடையும் சிறுதீவு அது. பனையும் பூவரசும் உண்டு, நன்னீர் அரிது. அதன் கரையில் நாகபூஷணி அம்மன் கோயிலும், சிறிது தூரத்தில் நாகதீப விகாரையும் நிற்கின்றன. இத்தீவின் சிறப்பைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு பெயர்களிலிருந்தே தொடங்குவர். ஒன்று மணிமேகலை கூறும் மணிபல்லவம். மற்றொன்று மகாவம்சம் கூறும் நாகதீபம். எம்மூர் காப்பியத்தில் வந்த ஊர் என்பதே அவர்தம் பற்றிற்கு முதற் காரணமாகக் கூறப்படுகின்றது.

இக்கூற்று ஆராயத்தக்கது. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் மணிபல்லவம் உளது என்பது சாத்தனார் தரும் அளவு. அதனை நயினாதீவு என்பாரும் உளர். வேறிடம் என்பாரும் உளர். நாகதீபம் என்னும் பெயரும் இச்சிறுதீவிற்கே உரியது என்று கொள்ளுதல் எளிதன்று. 1936இல் வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேட்டில் வரும் நாகதீவம் என்னும் பெயர், யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பகுதியையே சுட்டியது என்பது அறிஞர் பலர் கருத்து. ஆகவே, அறிஞர் வழக்கு ஒன்றின் முடிவைச் சார்ந்து நிற்கும் அன்பு உறுதியான அன்பாகாது. நாளை வேறொரு பொன்னேடு கிடைத்து வழக்கு மாறினால், நயினையார் தம் ஊரை நேசியாது விடுவரோ? விடார். அங்ஙனம் விடார் எனின், அவர்தம் அன்பின் வேர் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

இனி, மணிமேகலையையே சற்று ஊன்றி நோக்குவாம். அக்காப்பியத்தில் மணிபல்லவம் எவருக்கும் சொந்த ஊரன்று. தீவதிலகை என்னும் காவற்றெய்வம் அன்றி அங்கு உறைவார் இலர். மதுரையிலே அமுதசுரபி கொண்டு பசித்தோரை ஓம்பிய ஆபுத்திரன், பாண்டிநாடு மழையாற் செழித்து இரப்போர் அற்றுப்போகவே, சாவக நாட்டில் வற்கடம் என்று கேட்டுக் கலமேறினான். கலம் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் கரையிறங்கினான், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மீகாமன் கலத்தைச் செலுத்திவிட்டான். ஆபுத்திரனிடம் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருந்தது. உண்பதற்குத்தான் ஒருவரும் இலர். தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான்.

இப்பகுதியின் நுட்பத்தைக் கற்போர் பலர் கடந்துபோய்விடுகின்றனர். நீரும் பொழிலும் புத்த பீடிகையும் அமைந்த இடம் அது. உணவும் குறைவின்று. ஆயினும் ஈவதற்கு ஆளின்மையால் அறவோன் ஒருவனுக்கு அது வாழத்தகாத இடமாயிற்று. ஓரிடத்தை ஊராக்குவது யாது என்பதற்கு இதனினும் தெளிவான விடை தமிழிற் கிடைத்தல் அரிது. பின்னர் அவனே புண்ணியராசனாய்ப் பிறந்து மணிபல்லவம் வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய என்பையே காண்கின்றான். பிரிந்த தன்னைத் தேடிவந்து, அவன் இறந்தமை கண்டு தாமும் உயிர்விட்ட வணிகர் ஒன்பதின்மரின் என்பும் அங்கே கிடக்கின்றன. துறவை விரும்பும் அவ்வரசனை மணிமேகலை அங்கே தங்கவிடவில்லை. அவனை நம்பியிருக்கும் நாட்டிற்கு மீளச் செலுத்துகின்றாள். உணவும் உடையும் உறையுளும் உயிர்கட்கு அளிப்பதே அறம் என்னும் புகழ்பெற்ற விளக்கம் அவ்விடத்தேதான் கூறப்படுகின்றது.

பீடிகையின் வரலாறும் இதனோடு ஒத்து நிற்கின்றது. நாகநாட்டு அரசர் இருவர் அதன்பொருட்டுப் போரிட்டனர். அவர் மாமனும் மருகனும் என்கின்றது மகாவம்சம். புத்தர் இடைநின்று பூசலை ஒழித்தார். இரு நூல்களும் விவரங்களில் வேறுபடினும், ‘எனது, எனது’ என்ற வழக்கு அறத்தின் முன் அடங்கியது என்பதில் ஒன்றுபடுகின்றன. இந்நூல்களைக் காட்டி இத்தீவு எமக்கே உரியது என்று எந்தச் சமயத்தார் வாதிடினும், அவர் தாம் காட்டும் கதையின் பொருளையே மறந்தோர் ஆவர்.

காப்பியத்தை விடுத்துக் கல்லிற்கு வருவாம். நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுவது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படுதல் வேண்டும் என்பதும், யானை குதிரை கொண்டுவரும் கலங்கள் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்திற்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும் என்பதும், வணிகப் பண்டம் ஏற்றிய கலங்கள் உடைந்தால் செம்பாதி உடையவனுக்கு ஆகும் என்பதும் அதன் செய்தி. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியன ஆதலின் இவ்வாணையில் அரசியல் நலமும் உண்டு. ஆயினும், கலமிழந்து கரையேறியவன் கையில் ஏதேனும் எஞ்சவேண்டும் என்ற நெறி அதில் எழுதப்பட்டுள்ளது.

ஊரார் வாய்மொழியும் இதனையே பேசுகின்றது. அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. அவ்வழியே கலத்தில் வந்த வணிகன் ஒருவன் இரங்கிக் கருடனை வேண்டி நாகத்தை விடுவித்தான். கோயில் எழுந்தது அவனாலே என்பர். கடலிலுள்ள இரு பாறைகள் பாம்பு சுற்றிய கல் எனவும் கருடன் கல் எனவும் இன்றும் சுட்டப்படுகின்றன. ஊரைத் தொடங்கிவைத்தவன் வழிப்போக்கன் என்று தம் கதையிலே கூறிக்கொள்ளும் மக்கள், வழிப்போக்கனை அயலானாக எண்ணுதல் எங்ஙனம்?

இனி, ஊர்ப்புலவர் ஒருவரையும் நினைத்தல் தகும். நயினை மான்மியம் பாடிய வரகவி நாகமணிப் புலவர், நிரோட்டக யமக அந்தாதி ஒன்றும் இயற்றினார். நிரோட்டகமாவது இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடுவது. பகர மகர வகரங்களும், உகரம் ஒகரம் முதலிய உயிர்களும் அதில் வாரா. இவ்விதியின்கீழ் மணிபல்லவம் என்னும் பெயருக்கு இடமில்லை, நாகதீபத்திற்கும் இல்லை, நாகபூஷணி, அம்மன் என்னும் பெயர்களுக்குமே இல்லை. தடையின்றி நிற்பது, ஊரவர் அன்பாக அழைக்கும் ‘நயினை’ என்பதொன்றே. இது யாப்பின் தற்செயலாயினும் கருத்துடைத்து. புகழ்ப்பெயர்கள் யாவும் உதிர்ந்தபின்னும் வீட்டில் வழங்கும் பெயர் எஞ்சுகின்றது.

அவ்வீட்டுப் பெயர்க்குரிய வாழ்வு யாது? ஆனித் திருவிழாவில் படகு படகாக வருவோருக்கு அன்னமிடுதல் அதன் தலையாய செயல். அன்னமிடும் பணிக்கு அமுதசுரபி என்னும் பெயரையே சூட்டியுள்ளனர். மணிபல்லவம் இதுவோ அன்றோ என்ற வழக்கை அறிஞர் தீர்ப்பாராக. ஆபுத்திரன் தேடியும் காணாத பந்தியை நயினையார் விரித்துள்ளனர் என்பது ஐயமற்றது. நன்னீர் அரிதான தீவு வந்தோர்க்கு நீரும் சோறும் தருகின்றது. அதுவே அவ்வூரின் பெருமை.

1990இற்குப் பின் போரினால் தீவகத்தை விட்டுப் பெருந்தொகையானோர் பெயர்ந்தனர். இன்று மரண அறிவித்தல்களில் நயினாதீவு பிறப்பிடமாகவும், கனடாவோ பிரான்சோ வதிவிடமாகவும் அமைகின்றன. அயல்நாடுகளில் ஊர் மலர்களும் வெளிவருகின்றன. அவற்றை எழுதுவோர்க்கு இக்கட்டுரை ஒன்று கூறும்: பழம்பெருமையைப் பட்டியலிடுவதோடு நில்லற்க. எவர் வீட்டுக் கிணற்றில் ஊரார் நீர் அள்ளினர், எவர் படகு பிணியாளரை இரவிற் கடல் கடத்தியது, திருவிழாப் பந்தியில் எவர் அகப்பை பிடித்தார் என்பவற்றையும் எழுதுக. மணிபல்லவத்தைக் காக்கச் சாத்தனார் நூல் உண்டு. கிணற்றையும் படகையும் பந்தியையும் காக்க வேறு நூல் இல்லை. அவற்றை அறிந்தோரும் நாள்தோறும் குறைகின்றனர்.

புண்ணியராசன் தன் என்பைக் கண்டு கலங்கி நின்றபோது, வாழ்வோரிடம் செல் என்றே அறம் அவனுக்குக் கூறியது. பிறந்த மண்ணை நினைந்து கலங்கும் நம்மனோர்க்கும் அவ்வறம் பொருந்தும். ஊரில் எஞ்சியிருப்போரின் உணவும் உடையும் உறையுளும் பேணப்படுமாயின், நயினை எப்பெயரால் வழங்கினும் ஊராகவே நிலைபெறும்.